தெருவில் ஊசி மாற்று மையம் வருகிறது: எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்குவதா?

தண்டையார்பேட்டை வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தெருவின் கடைக்கோடியில் வெகுநாளாகப் பூட்டிக்கிடக்கும் ஒரு கீழ்த்தள வீட்டை, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே பணிபுரியும் ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்குக் கேட்டிருக்கிறது. பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுப்பது, சீழ் வைத்த புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனைகளுக்கு அனுப்பிவைப்பது, விரும்புவோரை அரசு மருத்துவமனையின் மாற்று மாத்திரைச் சிகிச்சையில் சேர்த்துவிடுவது ஆகியவையே தங்கள் வேலை என்று அவர்கள் சங்கக் கூட்டத்தில் விளக்கினார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். மாமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்கான மனுவும் தயாராகிவிட்டது. அதில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வேண்டியவள் நான்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதே சமயம் எதிர்ப்பவர்களுக்குச் சொல்லப் பதிலும் என்னிடம் இல்லை. மையம் வருவதற்கு முன்பே ஊசிகள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன என்பது அனைவருக்கும் தெரியும். ரயில் பாதையை ஒட்டிய மதில் ஓரத்தில் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர் அம்மாவின் கையில் ஊசி குத்தி, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க அவர் இருபத்தெட்டு நாள் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ஆகவே என் கேள்விகள் இவை. ஊசியை இலவசமாகக் கொடுப்பது போதையை ஊக்குவிப்பதாகாதா? ஒரு போதை மருந்தை நிறுத்த இன்னொரு மருந்தைக் கொடுப்பது எப்படிச் சிகிச்சையாகும்? வீட்டைக் கொடுப்பவருக்குச் சட்டச் சிக்கல் வருமா? வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று பேசுபவர்கள் தயவுசெய்து இங்கே பதிலெழுத வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், இராயபுரம்:

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணியின் கடைசிக் காலத்தில் மாற்று மாத்திரை வழங்கும் பிரிவில் இருந்தேன். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஊசி கிடைக்கவில்லை என்பதற்காகப் போதையை விட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவரின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவீதம், 2021-ஆம் ஆண்டின் அரசுக் கண்காணிப்பில் ஊசி மூலம் போதை ஏற்றுபவர்களிடம் அது சுமார் 9 சதவீதமாக இருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி இன்னும் பொல்லாதது. ஊசிக் குழலில் மிஞ்சிய இரத்தத்தில் அந்தக் கிருமி 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். தூய்மைப் பணியாளருக்கு மதில் ஓரத்தில் நேர்ந்தது தெருவில் விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் நேரலாம். பழைய ஊசியைக் கொண்டுவந்தால்தான் புதியது என்று ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தால், அந்த ஊசி மதில் ஓரத்திலிருந்து பெட்டிக்குள் போகும். ஊசி கொடுப்பதால் புதிதாகப் பலர் போதைக்கு வருகிறார்கள் என்பதற்கு, 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் இது தொடங்கிய நாள்முதல் செய்யப்பட்ட ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். அங்கே புழங்கியது ஹெராயின் அல்ல. இன்று நம் பகுதிப் பையன்கள் செய்வதுபோலவே, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். அந்த மாநிலத்தில் ஊசி மாற்றித் தர அப்போது சட்டம் இடம் தரவில்லை. 2015-இல் அங்கே எச்.ஐ.வி. பரவுவது தெரியவந்தது. மொத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. பரவல் தெரியவந்த பிறகுதான் ஆளுநர் ஊசி மாற்றுத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார், பரவல் தணிந்தது. தணிந்த பின், 2021-இல், உள்ளாட்சி நிர்வாகம் அந்தத் திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பயம் போனதும் பணியும் போய்விடுகிறது.

மாற்று மாத்திரைக்கு வருகிறேன். அரசுத் திட்டத்தில் நாங்கள் கொடுத்தது பூப்ரினார்பின். மாத்திரையைப் பொடித்து, நோயாளியின் நாக்கை மேலே தூக்கச் சொல்லி, அடியில் வைப்போம். அது கரையும் வரை எச்சிலை விழுங்காமல் எங்கள் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போகலாம். இதன் விளைவு மெதுவாக ஏறி ஒரு நாளுக்கும் மேல் நிற்பதால், ஊசி தரும் மயக்கமும் இல்லை, ஊசியின் வீரியம் இறங்கியதும் வரும் கைகால் குடைச்சலும் இல்லை. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் இம்மருந்து மூச்சை மேலும் அடக்குவதில்லை என்பது இதன் தனிச் சிறப்பு. ஹெராயினுக்கு அப்படியொரு எல்லை கிடையாது. காலையில் எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு காசிமேட்டில் லாஞ்சுக்கு ஐஸ் ஏற்றப் போனவர்கள் உண்டு. ஊசியை மட்டுமே நினைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுந்தவர்கள் அவர்கள். மெத்தடோன் என்னும் இன்னொரு மாற்று மருந்தும் உள்ளது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்த காலத்தில் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 ஆகவும், சிகிச்சையை விட்ட காலத்தில் 36 ஆகவும் இருந்தது. பூப்ரினார்பினில் அது முறையே 4, 9 என்ற அளவில் இருந்தது.

ஆசிரியர், வியாசர்பாடி:

செவிலியர் அம்மா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ரயில் நிலையத்தின் பின்னுள்ள பூங்காவில் போதைக்காரர்களைத் தடுக்காமல் விட்டு, ஊசியும் கொடுத்தார்கள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1992-இல் பூங்காவை இழுத்து மூட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020-இல் மக்கள் வாக்களித்துச் சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமல்ல என்று ஆக்கினார்கள். 2024-இல் அதே மாநிலம் மீண்டும் குற்றமாக்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் பொது இடங்களைப் பொறுத்தவரை அதே ஆண்டு பின்வாங்கியது. இவையெல்லாம் ஏன் உங்கள் விளக்கத்தில் இடம்பெறவில்லை?

இன்னொன்று, அந்தப் பூப்ரினார்பினையே நம் பகுதியில் ஒரு காலத்தில் ஊசியாகப் போட்டுக்கொண்டு அழிந்தார்கள். பவுடர் (ஹெராயின்) விலை ஏறிய காலத்தில் மருந்துக் கடையில் கிடைத்த அந்தக் குப்பிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். அதையே இன்று அரசு கொடுத்தால் அது மருந்தாகிவிடுமா?

கடைசியாக ஒரு வருத்தம். எண்ணூரின் சாம்பலும் கொடுங்கையூரின் குப்பையும் எங்களுக்கு. இப்போது ஊசி மையமும் எங்களுக்குத்தான் என்றால், தெற்கே உள்ள தெருக்களில் போதைக்காரர்களே இல்லையா? பள்ளிக்கூடத்துக்கும் மையத்துக்கும் இடையே எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதைக்கூட யாரும் எங்களிடம் கேட்பதில்லை. நான் மனுவில் கையெழுத்துப் போடுவேன்.

களப்பணியாளர், பழைய வண்ணாரப்பேட்டை:

ஆசிரியர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நான் பவுடரில் தொடங்கி, அவர் சொன்ன அதே குப்பிக்கு மாறி, பிறகு மாற்று மாத்திரையால் மீண்டு, இன்று இந்த வேலையைச் செய்பவன். ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

அந்தக் காலத்தில் நாங்கள் குப்பி மருந்தை நரம்பில் ஏற்றியபோது, அதோடு அலர்ஜி ஊசியையும் தூக்க மருந்தையும் கலந்தோம். ஒரே ஊசியை நான்கு பேர் போட்டோம். காசு தீர்ந்தால் திருடினோம். இன்று அதே மருந்தை நாக்குக்கு அடியில், அளவோடு, செவிலியர் பார்க்க, ஊசியின்றி வைக்கிறார்கள். பொருள் ஒன்றே, அளவும் வழியும் கண்காணிப்பும் வேறு. மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வதும், அதை வெளியே கொண்டுபோய் விற்கவோ கரைத்து ஏற்றவோ கூடாது என்பதற்காகத்தான். தினமும் வருவது வேலைக்குப் போகிறவனுக்கு இடைஞ்சல் என்பதும் உண்மை. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு மாத்திரை கொடுத்தபோது பலர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பஞ்சாபில் 2017 முதல் புறநோயாளி மையங்களில் பூப்ரினார்பினும், போதையை முறிக்கும் மருந்தான நலோக்சோனும் சேர்ந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் நலோக்சோன் வேலை செய்து போதையைக் கெடுத்துவிடும்.

சூரிச்சின் கதை 1992-இல் முடிந்துவிடவில்லை. பூங்காவை மூடியதும் கூட்டம் பக்கத்திலிருந்த பழைய ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. அதையும் 1995-இல் மூடினார்கள். ஆனால் அந்த இடைவெளியில் மெத்தடோனை எளிதில் கிடைக்கச் செய்து, 1994-இல் மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயின் சிகிச்சையையும் தொடங்கினார்கள். விற்பவன்மீது போலீஸ் நடவடிக்கையும் கூடவே தொடர்ந்தது. இறப்புகள் குறைந்தன. 2008-இல் அந்தச் சிகிச்சையைச் சட்டமாக்கலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுத்தபோது, வாக்களித்தவர்களில் 68 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். பூங்காவில் விட்டுவைத்தது தோற்றது. சிகிச்சையோடு சேர்த்துச் செய்தது நின்றது. ஓரிகனிலும் தண்டனையை முதலில் நீக்கிவிட்டு, சிகிச்சைக்கான பணத்தைத் தாமதமாகக் கொடுத்தார்கள். ஊசியைக் கொடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாத மையம் உங்கள் தெருவுக்கு வந்தால், ஐயா, நானே உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வது என்ன? நகையை அடகு வைத்து, பையனை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் பூட்டிவைக்கிறோம். மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. சில இடங்களில் அடியும் உண்டு. அவன் சதை போட்டு, முகம் தெளிந்து திரும்பி வருகிறான், அம்மா சந்தோஷப்படுகிறார். அந்த வாரம்தான் அவன் உயிருக்கு மிகவும் ஆபத்தான வாரம். ஹெராயினோ வலி மாத்திரையோ, நிறுத்திச் சில வாரங்களானால் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. அவன் கையோ பழைய அளவையே எடுக்கிறது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு. புழல் சிறையிலிருந்து வருபவனுக்கும், பூட்டிவைத்த மையத்திலிருந்து வருபவனுக்கும் இதே உடற்கூறுதான். நான் தோள் கொடுத்துத் தூக்கிய பாடைகளில் பல, 'திருந்தி வந்த' பையன்களுடையவை. குடிக்குப் பார்க்கும் வைத்தியத்தை அப்படியே இதற்கும் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் வடக்கே மட்டும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஊசி போடுபவர்கள் எங்கே அதிகமோ அங்கே மையம் வைப்பது திட்டத்தின் கணக்கு. எங்கே வாடகைக்கு வீடு கிடைக்கிறதோ அங்கே வைப்பது நடைமுறை. உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

மருந்துக்கடைக்காரர், பெரம்பூர்:

என் தொழிலைப் பற்றி அனைவரும் நினைப்பது எனக்குத் தெரியும். ஆகவே நேராகவே சொல்கிறேன். பவுடரும் குப்பியும் பழைய தலைமுறையோடு பெரும்பாலும் போய்விட்டன. இப்போது புழங்குவது வலி மாத்திரை. டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தபிறகு டேபென்டடாலின் கை ஓங்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கடும் நரம்பு வலிக்கும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மாத்திரை அது. சீட்டில்லாமல் விற்கும் கடைகளும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வெளிமாநிலங்களிலிருந்து கூரியர் பார்சலில் வரும் சரக்கு போலீஸிடம் சிக்கும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். மாத்திரையில் மருந்தோடு டால்க், மாவு போன்ற கரையாத பொருள்களும் இருக்கின்றன. அவை நரம்பில் போனால் இரத்தக் குழாயை அடைக்கும், சீழ் வைக்கும், விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்க வேண்டிய நிலைகூட வரும். புதிய ஊசி கிருமியைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது என்பதை மையத்தினர் பையன்களிடம் சொல்ல வேண்டும்.

மனு எப்படிப் போனாலும், தெருவில் உள்ள அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒருவர் அசைத்தாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ குறட்டைபோலவோ வருகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலமாகிறது என்றால், அது அளவு மீறிய போதை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நம் பக்கத்தில் மோர் ஊற்றுவார்கள், எலுமிச்சைச் சாறு பிழிவார்கள், தலையில் தண்ணீர் கொட்டி அறைவார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய மோர் நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மருத்துவமனையில் நலோக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வீரியம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். போதைப்பொருள் அதற்கு மேலும் உடலில் இருக்கலாம். எழுந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் நலோக்சோனை 2023 முதல் சீட்டில்லாமலே வாங்கலாம். இங்கேயும் களப்பணியாளர் பையில் அது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆவது பிரிவு, தொற்று அபாயத்தைக் குறைக்கும் நடவடிக்கைகளுக்காக எவர்மீதும் குற்ற வழக்கோ உரிமையியல் வழக்கோ தொடரக் கூடாது என்கிறது. பழைய ஊசியைப் பெற்றுப் புதிய ஊசி தருவது அப்பிரிவிலேயே எடுத்துக்காட்டாக இடம்பெற்றிருக்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பாதுகாப்பு உண்டு.

ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. அதன் 27-ஆவது பிரிவின்படி ஹெராயின் உட்கொள்வதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு. தெரிந்தே தன் கட்டடத்தில் குற்றம் நடக்க விடுபவரை 25-ஆவது பிரிவு தண்டிக்கிறது. கனடாவின் வான்கூவரில் 2003 முதல் இருப்பதுபோன்ற, உள்ளேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்ளும் அறைக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. ஆகவே மையத்துக்குள் போட்டுக்கொள்வதும் விற்பதும் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தால் போதாது. வாசலிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தானே முன்வந்து சிகிச்சை பெறுபவரை, உட்கொண்டது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கிலிருந்து 64ஏ பிரிவு காக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். களப்பணியாளர் குறிப்பிட்ட பூட்டிவைக்கும் இடங்களைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை நோயாளிகளுக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை அதன் 95-ஆவது பிரிவு அடியோடு தடை செய்கிறது.

ஆசிரியர், வியாசர்பாடி:

சூரிச் விஷயத்தில் களப்பணியாளர் சொன்ன பிற்பகுதியை ஏற்கிறேன். என் எதிர்ப்பு மையத்தின் மீதல்ல, கேட்காமல் கொண்டுவருவதன் மீது என்று வேண்டுமானால் சுருக்கிக்கொள்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் ஊசி வழங்கக் கூடாது. மதில் ஓரத்து ஊசிகளை மையத்தினரே கையுறை போட்டுப் பொறுக்க வேண்டும். மாதம் எத்தனை ஊசி வெளியே போயிற்று, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை பேரைச் சிகிச்சையில் சேர்த்தார்கள் என்ற கணக்கைப் பெயர் குறிப்பிடாமல் சங்கத்துக்குக் காட்ட வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் மனுவில் என் கையெழுத்து இருக்காது. பூட்டிவைப்பது பற்றிய பகுதியை என் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

களப்பணியாளர், பழைய வண்ணாரப்பேட்டை:

தாராளமாகப் படியுங்கள், ஐயா. கூடவே 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணையும், எச்.ஐ.வி. தொடர்பான 1097-ஐயும் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவனை 'எப்போது நிறுத்துவாய்' என்று தினமும் கேட்க வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் மறுபடி ஊசிக்குப் போகிறவர்கள் அதிகம்.

தண்டையார்பேட்டை வாசி:

அனைவருக்கும் நன்றி. மனுவை நிறுத்திவைத்துவிட்டு, ஆசிரியர் ஐயா சொன்ன மூன்று நிபந்தனைகளையும் வழக்கறிஞர் சொன்ன வாசல் அறிவிப்பையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மையத்தினரை வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் தயங்குகிறார். வாடகை ஒப்பந்தத்தில் எதைச் சேர்த்தால் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கும்?

வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்:

மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் ஒப்புதல் கடித நகலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் உட்கொள்ளுதலோ விற்பனையோ நடந்தால் ஒப்பந்தம் அன்றே ரத்தாகும் என்று ஒரு வரி சேருங்கள். திரும்பி வரும் ஊசிகளைக் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போட்டு, உயிரி மருத்துவக் கழிவு விதிகள், 2016-இன்படி அகற்றுவது வாடகைக்கு வருபவரின் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். வரைவை அனுப்பினால் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறேன்.